சாபி சாண்ட்: வேலி போட்டதும் வேலி எடுத்ததும்

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில், க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரமாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் எல்லை ஓடுகிறது. வரைபடத்தில் அது அழுத்தமான கோடு. தரையில் அங்கே வேலி கிடையாது. கிழக்கே இருப்பது அரசின் பூங்கா. மேற்கே இருப்பது ஏறத்தாழ 65,000 ஹெக்டேர் பரப்புள்ள சாபி சாண்ட் என்னும் தனியார் காப்பகம். ஒரு சிறுத்தை கிழக்கிலிருந்து மேற்காக அந்தக் கோட்டைத் தாண்டும்போது அதற்கு எதுவும் மாறுவதில்லை. அதே புல், அதே மருலா மரம், அதே இம்பாலா மான். அதைப் பார்க்க வந்த மனிதருக்குத்தான் எல்லாமே மாறிவிடுகிறது.

கிழக்கே, க்ரூகரில், வெளிநாட்டவர் ஒரு நாளுக்குச் சில நூறு ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டுத் தம் சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ உள்ளே போகலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 என்பது வேக வரம்பு. சாலையை விட்டு இறங்கக் கூடாது, குறிப்பிட்ட இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியிலிருந்து கீழே கால் வைக்கக் கூடாது, பொழுது சாய்ந்து வாயில் அடைப்பதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சாலையோர மரத்தில் ஒரு சிறுத்தை தென்பட்டால் சற்று நேரத்தில் இருபது கார்கள் அங்கே குவிந்துவிடும். மேற்கே, சாபி சாண்டில், கதவோ கூரையோ இல்லாத வண்டியில் வழிகாட்டி ஒருவர் ஓட்டிச் செல்கிறார்; சிறுத்தை புதருக்குள் நுழைந்தால் வண்டியும் பின்னாலேயே நுழைகிறது; இருட்டிய பிறகும் சுற்றலாம்; ஒரு விலங்கைச் சுற்றி வழக்கமாக மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்பதில்லை. இந்த வேறுபாட்டுக்கு ஓர் ஆள் ஓர் இரவுக்குக் கொடுக்கும் விலை சில நூறு அமெரிக்க டாலரில் தொடங்கி இரண்டாயிரம் டாலரையும் தாண்டிப் போகிறது.

இத்தனை பணம் கொடுத்து வாங்குவது எதை என்று கேட்டால், ‘விலங்குகளை’ என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் விலங்குகள் இரண்டு பக்கமும் ஒன்றேதான். விற்கப்படுவது வேறு: சாலையை விட்டு இறங்கும் உரிமையும், பக்கத்தில் மற்றவர்கள் இல்லாத வெறுமையும். இந்த இரண்டும் எப்படி உண்டாயின, யார் வெளியேறியதால் அந்த வெறுமை கிடைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள அங்கே வேலி போட்ட கதையையும் எடுத்த கதையையும் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தாழ்நிலப் பகுதியில் விலங்குகள் மிஞ்சுமா என்பதே ஐயமாக இருந்தது. ஒரு பக்கம் துப்பாக்கி வேட்டை. இன்னொரு பக்கம் 1896-ல் தெற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவி, மாடுகளையும் எருமைகளையும் வாரிக்கொண்டு போன வெக்கை நோய். 1898-ல் டிரான்ஸ்வால் குடியரசின் அதிபர் பால் க்ரூகர் சாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை வேட்டை விலங்குக் காப்பகமாக அறிவித்தார். ஆங்கிலேயருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் நடந்த போர் முடிந்த 1902-ல், புதிய பிரிட்டிஷ் நிர்வாகம் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துப் படை அதிகாரியை அதன் முதல் காப்பாளராக அமர்த்தியது. அடுத்த ஆண்டே அவர் சாபி ஆற்றுக்கு வடக்கே நிலம் வைத்திருந்த கம்பெனிகளோடு பேசி, அவர்களுடைய நிலங்களையும் தம் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்தார். ஆக, தனியார் நிலமும் அரசு நிலமும் ஒரே காப்பகமாக இருந்த ஏற்பாடு நூறாண்டுகளுக்கு மேல் பழையது. இன்று ‘பெரும் க்ரூகர்’ என்று புதுமையாகப் பேசப்படுவது அந்தப் பழைய ஏற்பாடுதான்.

1926-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்து க்ரூகர் பூங்கா உருவானபோது மேற்குப் பகுதியிலிருந்த தனியார் பண்ணைகள் பூங்காவுக்கு வெளியே விடப்பட்டன. அந்தப் பண்ணைகளில் மாடு வளர்க்க முயன்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சிங்கமும் நோயும் வறட்சியும் சேர்ந்து மாட்டுத் தொழிலைக் கட்டுப்படியாகாததாக ஆக்கின. எனவே நிலம் மலிவாகக் கைமாறியது. ஜோகன்னஸ்பர்க் பணக்காரர்கள் குளிர்காலத்தில் சிங்க வேட்டைக்கு வந்து போகும் இடமாக அதை வாங்கிப் போட்டார்கள். பின்னாளில் லொண்டோலோசி என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற இடம்கூட, 1926-ல் வார்ட்டி குடும்பமும் அவர்களுடைய நண்பரும் வேட்டைக்காக வாங்கிய ஸ்பார்ட்டா என்ற தோற்றுப்போன மாட்டுப் பண்ணைதான். நில உரிமையாளர்கள் 1948-ல் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, தத்தம் பண்ணைகளுக்கிடையே வேலி போடாமல் ஒரே காடாக வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். சாபி சாண்ட் காப்பகத்தின் பிறப்பு அதுதான். நோக்கம் கொஞ்சம் வேட்டை, கொஞ்சம் பாதுகாப்பு, நிறைய ஓய்வு என்று கலந்தே இருந்தது.

1961-ல் க்ரூகரின் மேற்கு எல்லையில் அரசு வேலி எழுப்பியது. காரணம், கோமாரி நோய். ஆப்பிரிக்க எருமைகள் அந்த நோய்க்கிருமியை உடலில் சுமந்தபடியே நலமாகத் திரியும். பக்கத்து மாடுகளுக்குத் தொற்றினால் நாட்டின் இறைச்சி ஏற்றுமதி நின்றுபோகும். மாட்டைக் காப்பாற்றப் போட்ட வேலி காட்டின் ஓட்டத்தை இரண்டாக வெட்டியது. மழைக்கும் புல்லுக்கும் ஏற்ப மேற்கே சாண்ட் ஆற்றுப் பக்கம் போய்வந்துகொண்டிருந்த வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் மந்தைகள் கம்பியில் முட்டி நின்றன. அவற்றின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சாபி சாண்ட் ஒரு மூடிய தீவாக இருந்தது. 1993-ல் அந்த வேலி அகற்றப்பட்டது. தெற்கில் சாபி சாண்டும், வடக்கில் டிம்பாவாட்டி, கிளாசெரி முதலிய காப்பகங்களும் க்ரூகரோடு மறுபடி கலந்தன. வேலி ஒழிந்துவிடவில்லை, மேற்கே நகர்ந்தது, அவ்வளவுதான். இன்று அது தனியார் காப்பகங்களுக்கும் அவற்றை ஒட்டியுள்ள கிராமங்களுக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்தபடி நிற்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

இதற்கிடையே சட்டத்திலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. தெற்கு ஆப்பிரிக்காவின் தனியார் காப்பகத் தொழில் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ரோமன்-டச்சுச் சட்ட மரபில் காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லாத பொருள். பிடித்தவருக்கு அது சொந்தம். தப்பி ஓடினால் அந்த நொடியே அந்த உரிமையும் போயிற்று. இப்படியிருந்தால் தன் நிலத்து மானுக்காக எந்த விவசாயி புல்லை விட்டுவைப்பான்? மாடு அவனுடையது, மான் யாருடையதோ. நமீபியாவிலும் அன்றைய ரொடீசியாவிலும் (இன்றைய சிம்பாப்வே) 1975-ஆம் ஆண்டுச் சட்டங்கள் நில உரிமையாளருக்குத் தம் நிலத்து விலங்குகளைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தன. தென்னாப்பிரிக்கா 1991-ல் விலங்குத் திருட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, போதுமான வேலி போட்டதாகச் சான்றிதழ் பெற்ற நிலத்திலிருந்து விலங்கு தப்பிப் போனாலும் உரிமையாளரின் உரிமை போகாது என்றது. விலங்குக்கு அன்று முதல் கணக்கில் விலை வந்தது. ஏலத்தில் விற்கலாம், வாங்கலாம், அடுத்த தலைமுறைக்குச் சொத்தாக விடலாம். மாடும் ஆடும் மேய்ந்த ஆயிரக்கணக்கான பண்ணைகள் காட்டு விலங்குப் பண்ணைகளாயின. இன்று அந்த நாட்டில் தனியார் விலங்கு நிலங்களின் மொத்தப் பரப்பு அரசின் தேசியப் பூங்காக்களின் பரப்பைவிட அதிகம்.

இந்தச் சட்டத்தின் மறைமுக விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விலங்குக்கு உரிமை கோர வேண்டுமானால் வேலி வேண்டும். எனவே ‘தனியார் காப்பகம்’ என்ற ஒரே பெயரின்கீழ் உண்மையில் மிக வேறுபட்ட இடங்கள் ஒளிந்திருக்கின்றன. சாபி சாண்ட் போலப் பெரிய தேசியப் பூங்காவோடு திறந்து கிடப்பவை ஒரு வகை. அங்கே எந்தச் சிங்கம் யாருடையது என்ற கேள்விக்கே பொருளில்லை, நேற்றிரவு சாபி சாண்டின் ஒரு பகுதியான மாலாமாலாவில் எருமை அடித்த கூட்டம் இன்று காலை க்ரூகரில் உறங்கும். நான்கு பக்கமும் வேலி போட்டுத் தனித்து நிற்பவை இரண்டாவது வகை: குவாசூலு-நட்டாலில் 1991-ல் தொடங்கிய பிண்டா, கலஹாரியின் செம்மணலில் 1,10,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கும் ட்ஸ்வாலு. மூன்றாவது வகையில் நிலம் தனியாருடையதே அல்ல. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் விடுதிகள் அரசிடமோ பழங்குடி நில வாரியத்திடமோ குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நடக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் மடிக்வே 75,000 ஹெக்டேர் அரசுக் காப்பகம், உள்ளே விடுதிகள் மட்டும் தனியாருடையவை. விளம்பரத் தாளில் எல்லாம் ஒரே மாதிரி மாலை வெயிலில் ஒரே மாதிரி சிங்கத்தோடு இருக்கும். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது செலவழிப்பவரின் வேலை.

சாபி சாண்டுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது சிங்கமல்ல, சிறுத்தை. வேட்டைக் காலத்தின் அச்சம் இரத்தத்தில் ஊறிய சிறுத்தை மனிதச் சத்தம் கேட்டாலே மறைந்துவிடும். 1970-களில் அங்கே தங்கியவர்கள் வாரக்கணக்கில் இருந்தும் வால் நுனியைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார்கள். 1979-ல் லொண்டோலோசியில் ஒரு பெண் சிறுத்தை வண்டிகளைச் சகித்துக்கொள்ளத் தொடங்கியது. ஜான் வார்ட்டியும் ஷாங்கான் இனத்துத் தடம் பார்ப்பவர்களும் அதை அவசரப்படுத்தாமல், தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதன் குட்டிகள் பிறந்ததிலிருந்தே வண்டியைப் பார்த்து வளர்ந்தன. அவற்றின் குட்டிகளும் அப்படியே. வண்டி தங்களை வேட்டையாடவும் வராது, தங்களுக்கு இரையாகவும் ஆகாது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தைகள் தாயிடம் கற்றுக்கொண்ட பாடம். வண்டியில் இருப்பவர் எழுந்து நின்றால் வழிகாட்டி உடனே உட்காரச் சொல்வது இதனால்தான். உட்கார்ந்திருக்கும் வரை வண்டியும் ஆட்களும் சேர்ந்து ஒரே உருவம். எழுந்து நின்ற கணத்தில் அந்த உருவம் உடைந்து மனிதன் தனியாகத் தெரிகிறான். கீழே இறங்கி நடப்பவனிடம் இதே சிறுத்தை முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

ஒவ்வொரு சிறுத்தையையும் அங்கே தனித்தனியாக அடையாளம் தெரியும். மேல் மீசை மயிர்களின் வரிசைக்கு மேலே, கன்னத்தில் இருக்கும் தனிப் புள்ளிகளை எண்ணுகிறார்கள்: ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்றால் அது மூன்று-இரண்டு. நம் கைரேகை போல அந்தப் புள்ளிகள் வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. இதை வைத்து எழுதப்பட்ட வம்சாவளிகள் நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நீள்கின்றன; ஓர் ஊரின் குடும்பக் கதைகளைப் போல, யாருடைய மகள் யாருடைய எல்லையைப் பிடித்தாள் என்று வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டே போவார்கள்.

பயணத்தின் அன்றாட ஒழுங்கு எல்லா விடுதிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விடியலில் மூன்று நான்கு மணி நேரம், பிற்பகலில் தொடங்கி இருட்டிய பிறகு முடிகிற இன்னொரு மூன்று மணி நேரம். நடுவே, விலங்குகளும் மனிதர்களும் ஒரே காரணத்துக்காக நிழலில் கிடக்கும் உச்சிப்பொழுது. சூலை மாதத்து விடியலில் வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். திறந்த வண்டியின் காற்றில் அது இன்னும் குறைவாகத் தோன்றும். மடியில் கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுப்பார்கள். வண்டியின் முன்னால், இடப்பக்கம், பானட்டுக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவர் சும்மா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் படும்.

திடீரென்று கையை உயர்த்துகிறார், வண்டி நிற்கிறது. மண் சாலையின் ஓரத்தில், உள்ளங்கையளவு ஒரு தடம். நகக்குறி இல்லை, ஆகவே கழுதைப்புலி அல்ல, பூனையினம். சிங்கத்தினுடையதைவிடச் சிறியது. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கிறது. நேரம் ஆக ஆகக் காற்று அந்த விளிம்பைத் தின்றுவிடும். இரவில் ஊரும் பூச்சிகள் போட்ட மெல்லிய கோடுகள் தடத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கின்றன, மேலே ஒன்றும் இல்லை. எனவே பூச்சிகள் நடமாடி ஓய்ந்த பிறகுதான் இந்தக் கால் இங்கே விழுந்திருக்கிறது. மேலே ஒரு கவுதாரி நடந்து போன குறி இருந்திருந்தால், பறவைகள் எழுந்து நடமாடுவதற்கு முன்பே போய்விட்டது என்று விட்டிருப்பார். இவ்வளவையும் ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட்டு, இறங்கி, சிறிது தூரம் நடந்து, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். வலப்பக்கம் அணில் ஒன்று விடாமல் கத்துகிறது. அப்பால் ஓர் இம்பாலா ஆண் மூக்கால் சீறுகிறது. வழிகாட்டி ரேடியோவில் ‘யிங்வே’ என்கிறார்: சோங்கா மொழியில் சிறுத்தை. சிங்கமாக இருந்திருந்தால் ‘ங்காலா’. விருந்தினர் ஆசைப்பட்டு, பிறகு ஏமாந்துபோகாமல் இருப்பதற்காகத்தான் அந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. அந்த மண்ணின் மொழியும் அதுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என் கணிப்பில், கொடுக்கிற பணத்துக்கு உண்மையான ஈடு அந்த முன் இருக்கையில்தான் இருக்கிறது. விலங்கைக் கண்டுபிடிக்க க்ரூகரில் அதிர்ஷ்டம் வேண்டும். இங்கே ஒருவரின் படிப்பு அந்த இடத்தை நிரப்புகிறது. பள்ளிக்கூடம் கொடுக்காத படிப்பு அது. ஆனால் விளம்பரங்களில் முன்னால் நிற்பது என்னவோ ‘ஐம்பெரும் விலங்குகள்’ என்ற பட்டியல். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற அந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் வேட்டைக்காரர்கள். தரையில் நின்று சுடும்போது ஆளைத் திருப்பித் தாக்கக்கூடியவை என்பதுதான் அளவுகோல். அழகும் அரிதும் அதில் கணக்கில்லை. 1990-களில் அந்தப் பட்டியல் நாட்டின் பண நோட்டுக்கே ஏறிவிட்டது: 10 ராண்டில் காண்டாமிருகம், 20-ல் யானை, 50-ல் சிங்கம், 100-ல் எருமை, 200-ல் சிறுத்தை. 2012-ல் நெல்சன் மண்டேலாவின் முகம் முன்பக்கத்துக்கு வந்தபோது அவை பின்பக்கத்துக்குப் போயின. ஐந்தையும் டிக் அடித்துவிட்டு மூன்றாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் விருந்தினர்கள் உண்டு. காட்டுநாய்க் கூட்டம் வேட்டைக்குக் கிளம்புமுன் ஒன்றையொன்று முகர்ந்து குதூகலிப்பதைப் பார்க்கக் கிடைத்தால், பட்டியலை மடித்து வைத்துவிடலாம்.

சாலையை விட்டு இறங்கும் உரிமைக்கு ஒழுங்குகள் உண்டு. பெரும்பாலும் பூனையினங்களுக்கும் சில அரிய காட்சிகளுக்கும் மட்டுமே வண்டி புல்லுக்குள் நுழையும். மழையில் ஊறிய நிலத்தில் சக்கரத் தடம் ஆண்டுக்கணக்கில் தழும்பாக நின்றுவிடும் என்பதால் அப்போது இறங்க மாட்டார்கள். ஒரு சிறுத்தையிடம் மூன்று வண்டி இருந்தால் நான்காவது வண்டி ரேடியோவில் முறை கேட்டுக் காத்திருக்க வேண்டும். குகையில் பிறந்து சில வாரமே ஆன குட்டிகளைத் தேடிப் போவதில்லை. இரவில் விளக்கடிப்பது இரவாடும் விலங்குகளுக்கு மட்டும். மான் மீது வெளிச்சம் பட்டுக் கண் கூசினால் பக்கத்துச் சிங்கத்துக்கு நாமே இரை பிடித்துக் கொடுத்ததாகிவிடும். இவையெல்லாம் எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றப்படுகின்றன என்பது விடுதிக்கு விடுதி மாறும். சாபி சாண்டுக்குள்ளேயே நிலம் பல உரிமையாளர்களிடம் பிரிந்து கிடக்கிறது. ஒரு விடுதியின் வண்டி எங்கெங்கே போகலாம் என்பதை அண்டை நிலத்தாரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. சிறிய நிலத்தில் பல விடுதிகள் நெருங்கியிருக்கும் மூலைகளில், சிறுத்தை அருகே நிற்கும் முறைக்காகக் காத்திருந்தே ஒரு மாலை கழியலாம். முன்பதிவு செய்வோர் அறையின் குளியல் தொட்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன், வண்டி சுற்றக்கூடிய நிலம் எத்தனை ஹெக்டேர், ஒரு வண்டியில் எத்தனை பேர், தடம் பார்ப்பவர் தனியாக உண்டா என்ற மூன்றையும் கேட்பது நல்லது.

வேலிக்குள் இருக்கும் காடு தானாக நடக்காது என்பதும் பயணிகளுக்கு எளிதில் தெரிவதில்லை. விருந்தினர் அறையிலிருந்தே யானையைப் பார்க்க வேண்டுமென்று விடுதிதோறும் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பினால் என்ன ஆகும் என்பதைக் கிளாசெரி 1982-83 வறட்சியில் அனுபவித்தது. எங்கும் தண்ணீர் கிடைத்ததால் எங்கும் மேய்ந்தன. ஒதுக்குப்புறத்துப் புல்கூட மிச்சமில்லாமல் போய், மேயும் விலங்குகள் தாகத்தால் அல்ல, பசியால் கூட்டம் கூட்டமாக மடிந்தன. க்ரூகரின் வடபகுதியில் செயற்கை நீர்நிலைகளைத் தேடி வரிக்குதிரைகள் வந்தன, அவற்றைத் தேடிச் சிங்கங்கள் வந்தன, கடைசியில் எண்ணிக்கை சரிந்துபோனது அரிய ரோன் மானுக்கு. இதன் பிறகு க்ரூகர் தன் ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றை மூடியது. ஆனால் வேலி இல்லாத எல்லைக்கு மேற்கே தொட்டி நிரம்பியிருந்தால் யானை அங்கேதான் போகும். இந்த விஷயத்தில் இரு தரப்புக்கும் உள்ள உரசல் முற்றிலும் தீரவில்லை.

மூடிய காப்பகங்களில் மனிதக் கை இன்னும் அதிகம். பிலானஸ்பெர்க்கில், க்ரூகரில் எண்ணிக்கையைக் குறைக்கக் கொல்லப்பட்ட யானை மந்தைகளின் அநாதைக் குட்டிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை வளர்ந்து, அடக்குவதற்கு மூத்த ஆண் யானைகள் இல்லாமல், 1990-களில் காண்டாமிருகங்களைக் குத்திக் கொல்லத் தொடங்கின. 1998-ல் க்ரூகரிலிருந்து பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டதும் கொலை நின்றது. சிங்கங்கள் பெருகிவிட்டால் சிறிய காப்பகத்தில் கருத்தடை செய்கிறார்கள், அல்லது வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். சிவிங்கிப்புலிகளின் (சீட்டா) நிலையும் அதுவே. உறவுக்குள்ளேயே இனம் பெருகாமலிருக்க, பல காப்பகங்களுக்கிடையே அவற்றை லாரியிலும் விமானத்திலும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்துக் கூனோவுக்கு வந்த 12 தென்னாப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளும் இந்த வலையமைப்பிலிருந்து பிரித்து அனுப்பப்பட்டவைதான். அவற்றுள் சில பிண்டாவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டிருந்தன.

வேட்டை என்ற சொல்லை விடுதிகள் உச்சரிப்பதில்லை. ஆனால் அது அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. சாபி சாண்டில் கோப்பை வேட்டை, அதாவது தலையையோ கொம்பையோ நினைவுப்பொருளாக எடுத்துப்போகப் பணம் கொடுத்து ஆடும் வேட்டை, கிடையாது. வடக்கே டிம்பாவாட்டி, கிளாசெரி போன்றவற்றில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் பணம் கொடுத்து வேட்டையாடலாம். அந்த வருவாயில் ஒரு பகுதி காவலுக்கும் பராமரிப்புக்கும் போகிறது. வேலியில்லாத எல்லையைத் தாண்டி வந்த விலங்கைச் சுடலாமா என்ற சண்டை அவ்வப்போது வெடிக்கும். அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனம். ஆனால் சிங்கக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம், வளர்ந்த சிங்கத்தோடு நடக்கலாம் என்று அழைக்கும் இடங்களைக் குறித்து இரண்டு கருத்துக்கு இடமில்லை. அந்நாட்டில் கூண்டுகளில் ஏறத்தாழ 8,000 சிங்கங்கள் வளர்க்கப்படுகின்றன. குட்டியாக இருக்கும்போது பயணிகளின் கையிலும், பெரிதானதும் தப்ப வழியில்லாத அடைப்புக்குள் வேட்டைக்காரனின் துப்பாக்கி முனையிலும், இறந்தபின் எலும்பு வியாபாரியிடமும் அவை காசாகின்றன. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2021-ல் வெளியான அறிக்கையில் இந்தத் தொழிலை நிறுத்தச் சொல்லிப் பரிந்துரைத்தது. தொட அனுமதிக்கும் இடம் காப்பகமல்ல.

காண்டாமிருகத்தைப் பொறுத்தவரை தனியார் நிலங்களின் பங்கை மறுக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கு மேல் இன்று தனியாரிடம்தான் இருக்கின்றன. ஆனால் சொத்தாக இருந்தது சுமையாகிவிட்டது. 2007-ல் நாடு முழுவதும் 13 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன, 2014-ல் 1,215. அதன் பிறகு ஏற்ற இறக்கத்தோடு குறைந்து 2024-ல் 420 ஆனது. அந்தக் குறைவுக்குப் பின்னால் ஆயுதக் காவலர், மோப்ப நாய், ராடார், ஹெலிகாப்டர் என்று ஓயாத செலவு இருக்கிறது. நகத்தைப் போலத் திரும்ப வளரும் கொம்பைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுக்கிறார்கள்; எனவே கொம்பு அறுக்கப்பட்ட காண்டாமிருகத்தைப் பார்த்துப் படம் சரியாக வரவில்லையே என்று வருந்த வேண்டாம், அது உயிரோடிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் எல்லைகள் அடைக்கப்பட்டு அக்டோபரில் திறக்கும் வரை வெளிநாட்டு விருந்தினர் ஒருவரும் இல்லை. காவலை மட்டும் ஒரு நாளும் நிறுத்த முடியவில்லை. படுக்கை விலையை வைத்தே காட்டைக் காப்பது எவ்வளவு மெல்லிய நூல் என்பது அந்த ஆறு மாதத்தில் தெரிந்தது.

இனி மேற்கு வேலி. அதற்கப்பால் புஷ்பக்ரிட்ஜ். 2011 கணக்கெடுப்பில் 5.4 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்த வட்டாரம், நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய கசங்குலு, லெபோவா ஆகிய ‘தாயகங்களின்’ பகுதிகளைச் சேர்த்து உண்டானது. காட்டிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் பலர் அங்கேதான் தள்ளப்பட்டார்கள். வேலைக்கு ஆளெடுக்கும் இடங்கள் அங்கே மிகக் குறைவு; விடுதிகளில் சமையல், துப்புரவு, தடம் பார்த்தல், காவல் என்று பணிபுரிவோரில் பெரும் பகுதியினர் அந்த ஊர்களிலிருந்து வருபவர்கள். ஒருவரின் சம்பளத்தை நம்பி வீட்டில் பலர் இருப்பார்கள். அதே வேலியைத் தாண்டி யானை வந்து சோளத்தை மிதிக்கும்போதும், சிங்கம் வந்து மாட்டை அடிக்கும்போதும் இழப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

நிறவெறி ஆட்சி முடிந்தபின் வந்த 1994-ஆம் ஆண்டு நில மீட்புச் சட்டம், 1913 சூன் 19-க்குப் பிறகு இனவாதச் சட்டங்களால் நிலம் பறிக்கப்பட்டவர்கள் அதைத் திரும்பக் கேட்க வழி செய்தது. க்ரூகரின் வடமுனையில் பஃபூரியிலிருந்து 1969-ல் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்ட மக்குலேக்கே மக்கள் 1998-ல் தம் நிலத்தின் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். மறுபடி குடியேறாமல், அதைக் காடாகவே வைத்து விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பிண்டாவின் நிலத்தில் ஒரு பகுதி 2007-ல் மகாசா, ம்னகோபோகாசி சமூகங்களுக்குத் திரும்பியது. அங்கும் அதே குத்தகை ஏற்பாடு. சாபி சாண்டுக்குள், க்ரூகரோடு 19 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் மாலாமாலாவின் ஏறத்தாழ 13,000 ஹெக்டேரை நூறு கோடி ராண்டுக்கு மேல் கொடுத்து வாங்கி, அரசு 2013-ல் ன்வண்ட்லமாரி சமூகத்திடம் ஒப்படைத்தது. அதுவரை அந்நாட்டில் தீர்க்கப்பட்ட நில உரிமை வழக்குகளில் மிகப் பெரிய தொகை அது. விடுதி தொடர்ந்து நடக்கிறது. விருந்தினருக்கு வெளிப்படையாக எதுவும் மாறவில்லை. நிலப் பத்திரத்தில் பெயர் மாறியிருக்கிறது. குத்தகைப் பணம் சமூகத்தின் சங்கத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் இத்தகைய ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் நீடிக்கும் சிக்கல்.

போய்வர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். சூன் முதல் செப்டம்பர் வரை வறட்சிக் காலம். புல் சாய்ந்து இலை உதிர்ந்திருப்பதால் விலங்கு தென்படும், ஆனால் காடு மண்ணிறமாக இருக்கும். மழை அக்டோபரில் தொடங்குகிறது. நவம்பர் இறுதியில் இம்பாலாக்கள் அனைத்தும் ஒரே வாரங்களில் குட்டி போடுகின்றன, வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்குகின்றன, புல் உயர்ந்து சிறுத்தையை மறைத்துவிடுகிறது. தாழ்நிலம் மலேரியாப் பகுதி, குறிப்பாக மழைக்காலத்தில். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் மலேரியா இல்லாத மடிக்வேயைத் தேர்ந்தெடுக்கலாம். பல விடுதிகள் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவதில்லை. சைவ உணவுக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்; கடைக்குப் போய் வாங்கி வரும் தொலைவில் எதுவும் இருக்காது.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சாபி சாண்டுக்குப் போகும் பலர் இறங்குவது க்ரூகருக்குள்ளேயே, வைக்கோல் கூரை வேய்ந்த சிறிய ஸ்குகூசா விமான நிலையத்தில். 1936-க்கு முன் அந்த இடத்துக்குச் சாபி பாலம் என்று பெயர். ஸ்குகூசா என்பது சோங்கா மக்கள் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு இட்ட பட்டப்பெயர்: துடைத்துப் பெருக்கியவர் என்று ஒரு பொருள், எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப்போட்டவர் என்று இன்னொரு பொருள். திருட்டு வேட்டைக்காரர்களை அவர் விரட்டியதும், அங்கே குடியிருந்த மக்களை ஆற்றுக்கு அப்பால் அனுப்பியதும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். விருந்தினரின் பெட்டியை வாங்கி வண்டியில் ஏற்றும் ஓட்டுநர், மேற்கு வாயில் வழியாகத் தினமும் வேலைக்கு வருபவராக இருந்தால், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பார்க்கலாம்.